வேட்டை நாய்க்கும் குளிர் உறைக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சில நாட்களுக்கு முன்பு உங்கள் வாசகர் பகுதியில் கேமரன் மலையில் காய்கறித் தோட்டம் வைத்திருக்கும் அன்பர் ஒருவர் எழுதியிருந்தார். வேட்டை நாயை வாங்கி வீட்டுக்குள் விட்டு வளர்ப்பவர்கள் அதைக் கெடுக்கிறார்கள், பனியிலும் மழையிலும் வெளியே கிடந்தால்தான் அதற்கு உடம்பு இறுகும், மோப்பம் கூடும், வெள்ளைக்காரன் நாட்டில் பனி கொட்டும்போதுகூட வேட்டை நாய்களை வெளியேதான் வைத்திருக்கிறார்கள் என்று. அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை. அவர் கெட்ட மனசோடு எழுதவில்லை என்பது தெரிகிறது, நாய் மேல் அவருக்குப் பெருமைகூட இருக்கிறது. ஆனால் அதை நம்பி பினாங்கிலும் கோலாலம்பூரிலும் இருப்பவர்கள் நாயை மலைக்கு ஏற்றி அனுப்பி, ஒரு கம்பத்தில் கட்டிப்போட்டுவிட்டு வந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் புக்கிட் மெர்தாஜாமில் இருக்கிறேன். பிராணி மருத்துவர் ஒருவரின் கிளினிக்கில் பல வருஷம் உதவியாளராக வேலை பார்த்தேன். என் அப்பா ரப்பர் தோட்டத்தில் இருந்த காலத்தில் காட்டுப்பன்றி வேட்டைக்கு நாய் வைத்திருந்தவர். என் அண்ணன் மகன் கேமரன் மலையில் கம்போங் ராஜாவில் முட்டைக்கோஸ், தக்காளி போடுகிறான். அதனால் தோட்டத்து நாய், மலை நாய், கிளினிக்குக்கு வருகிற நாய் எல்லாம் எனக்குப் பழக்கம்.

முதலில் அந்த வெள்ளைக்காரன் நாட்டுக் கதையைப் பார்ப்போம். இங்கிலாந்தில் பீகிள், ஃபாக்ஸ்ஹவுண்ட் மாதிரி கூட்டமாக ஓடி வேட்டையாடும் நாய்களை வீட்டில் வைப்பதில்லை, தனிக் கட்டடத்தில்தான் வைக்கிறார்கள். அது உண்மை. ஆனால் அந்தக் கட்டடம் எப்படி இருக்கும் என்பதை நம் அன்பர் சொல்லாமல் விட்டுவிட்டார். செங்கல் சுவர், மேலே கூரை, தரையிலிருந்து உயர்த்திப் போட்ட நீளமான பலகை மேடை, அதன் மேல் வைக்கோலோ மரச்சீவலோ தாராளமாக. அந்த மேடையில் நாய்கள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து, முதுகோடு முதுகு ஒட்டிப் படுத்திருக்கும். ஒரு நாயின் சூடு இன்னொரு நாய்க்கு. காலையில் ஆள் வந்து மேடையைப் பெருக்கி ஈரமான வைக்கோலை எடுத்துவிட்டுப் புதிது போடுவார். இதில் பலகை மேடையை விட்டுவிட்டோம், வைக்கோலை விட்டுவிட்டோம், கூட இருக்கும் நாய்களையும் விட்டுவிட்டோம். ‘வெளியே’ என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு வந்து, ஒரே ஒரு பீகிளைச் சங்கிலியில் கட்டி, மேலே ஒரு தகரத்தைச் சாய்த்து வைத்துவிட்டு, வெள்ளைக்காரன் அப்படித்தான் வளர்க்கிறான் என்று சொல்வது நியாயமே இல்லை.

அப்புறம், வேட்டை நாய் என்றால் எல்லாம் ஒரே தோல், ஒரே முடி இல்லை. லாப்ரடாரை எடுத்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த தண்ணீரில் குதித்து, சுட்டு விழுந்த வாத்தைக் கவ்விக்கொண்டு வருவதற்காக வளர்த்தெடுத்த இனம். மேல் முடி கொஞ்சம் எண்ணெய்ப் பசையோடு தண்ணீரை உதறித் தள்ளும், அடியில் பஞ்சு மாதிரி இன்னொரு அடர்த்தியான முடி இருக்கும். அந்த இரண்டாவது முடிதான் சூட்டைப் பிடித்து வைக்கிறது. பாயின்டர், கிரேஹவுண்ட் மாதிரி நாய்களுக்கு அந்த அடி முடி இல்லை, அல்லது இல்லை என்றே சொல்லலாம். கிரேஹவுண்டுக்குத் தோலுக்கடியில் கொழுப்பும் மிகக் குறைவு. குளிர் நாடுகளில் அதைச் சும்மா நடக்கக் கூட்டிப் போகும்போதுகூடச் சட்டை போட்டுத்தான் கூட்டிப் போகிறார்கள்.

நம் ஊர் வேட்டை நாய்களுக்கு வருவோம். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி இதெல்லாம் தென் தமிழ்நாட்டு வெயிலில் முயலையும் பன்றியையும் விரட்டிய நாய்கள். 2005இல் இந்திய அஞ்சல் துறை ராஜபாளையம் நாய்க்குத் தபால்தலையே போட்டது, அவ்வளவு பெருமை அதற்கு. இங்கேயும் நம் ஆட்கள் சிலருக்கு அதன் மேல் பெரிய ஆசை. ஆனால் அந்த நாயின் உடம்பைத் தொட்டுப் பாருங்கள். முடி குட்டையாக, மெல்லிசாக, தோலோடு ஒட்டி இருக்கும், காதின் உட்பக்கம் இளஞ்சிவப்பாகத் தெரியும். விருதுநகர்ப் பக்கத்துச் சூட்டுக்கு ஏற்ற உடம்பு அது. அதைக் கொண்டுபோய் கேமரன் மலையில் பிரிஞ்சாங் காற்றில் ராத்திரி முழுக்க நிறுத்தினால் அது பழகிக்கொள்ளும் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். நாயை வெளியே வைப்பதே பாவம் என்று சொல்பவர்களோடு நான் சேரவில்லை. அலாஸ்காவில் வண்டி இழுக்கும் நாய்கள் பனியில் சுருண்டு, வாலை மூக்கின் மேல் போட்டுக்கொண்டு நிம்மதியாகத் தூங்கும். நல்ல முடியும் சதையும் உள்ள ஒரு லாப்ரடார், காய்ந்த இடம் இருந்தால், கேமரன் மலைக் குளிரை ஒரு பொருட்டாகவே நினைக்காது, சொல்லப்போனால் பினாங்கு வெயிலைவிட அதற்கு அங்கே சுகமாகத்தான் இருக்கும். ஆனால் அலாஸ்கா நாய்கள் அந்தக் குளிரிலேயே பிறந்து, அந்த முடியோடு வளர்ந்தவை. போட்டி ஓடும் நாட்களில் ஒரு நாய் ஒரு நாளைக்குப் 10,000 கலோரி அளவுக்குச் சாப்பிடும், அதில் பெரும்பகுதி கொழுப்பு. நாம் வைக்கும் மீந்த சோற்றில் அது கிடைக்குமா? குளிருக்குப் பழக வைப்பது என்பதும் ஒரே ராத்திரியில் நடக்கிற காரியமில்லை. குளிர் நாடுகளில் இலையுதிர் காலத்திலேயே நாயை வெளியே படுக்கப் பழக்கிவிடுவார்கள், பனிக்காலம் வருவதற்குள் முடி கனத்துவிடும். கோலாலம்பூர் ஜாலான் ஈப்போவில் ஏர்கோன் அறையில் படுத்துக் கிடந்த பீகிளை வெள்ளிக்கிழமை காரில் ஏற்றி சனிக்கிழமை ராத்திரி மலையில் கட்டிப்போட்டால் அதற்கு எங்கிருந்து முடி கனக்கும்?

மோப்பம் கூடும் என்பதற்கும் ஒரு வார்த்தை. பிரிட்டனில் வேட்டைக்குப் போகும் லாப்ரடார்கள், ஸ்பானியல்கள் எத்தனையோ வீட்டு அடுப்பங்கரையில்தான் படுக்கின்றன, காலையில் போய் வேலை செய்துவிட்டு வருகின்றன. நாயின் மோப்பம் பிறவியிலும் பயிற்சியிலும் ஆரோக்கியத்திலும் இருக்கிறது. ஈரத்தில் கிடந்து சளி பிடித்து, மூக்கு அடைத்து இருமுகிற நாய்க்குத்தான் மோப்பம் போகும்.

இப்போது மலைக்கு வருவோம். கேமரன் மலையில் இரவில் சாதாரணமாக 15, 16 டிகிரி இருக்கும். 1978 பிப்ரவரி 1ஆம் தேதி 7.8 டிகிரி வரைக்கும் இறங்கியது பதிவாகியிருக்கிறது, ஆனால் அது அபூர்வம். வெறும் எண்ணைப் பார்த்தால் 15 டிகிரி ஒரு நாய்க்குக் குளிரே இல்லை என்றுகூடச் சொல்லலாம். அந்த அன்பரும் அதைத்தான் சொல்கிறார், கனடாவில் மைனஸ் இருபது, இங்கே என்ன பெரிய குளிர் என்று. அவர் மறப்பது மழையை. அங்கே வருஷத்துக்கு 2,700 மில்லிமீட்டர் அளவுக்கு மழை கொட்டுகிறது, அக்டோபர், நவம்பரில் மாலை ஆனால் மழை, ராத்திரியும் தூறல், காலையில் மூடுபனி. கனடாவின் காய்ந்த குளிரில் நாயின் முடிக்கு இடையில் காற்று நிற்கும், அந்தக் காற்றுதான் அதற்குக் கம்பளி. முடி நனைந்து தோலோடு ஒட்டிவிட்டால் அந்தக் காற்று போய்விடும். காற்றைவிடத் தண்ணீர் உடம்புச் சூட்டை இருபது மடங்குக்கும் மேல் வேகமாக உறிஞ்சி எடுக்கும். கீழே ஈரத் தரை, மேலே தூறல், பக்கத்தில் பள்ளத்தாக்கிலிருந்து வரும் காற்று. நாய்க்குச் சாதாரண உடம்புச் சூடு 38லிருந்து 39 டிகிரி வரை, நம்மைவிடக் கூடுதல். அந்தச் சூட்டைக் காப்பாற்ற அது ராத்திரி பூராவும் நடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும், நடுங்குவதற்கும் சாப்பாடு செலவாகும், அதனால்தான் மலையில் கட்டிப்போட்ட நாய்கள் எவ்வளவு சாப்பிட்டாலும் விலா எலும்பு தெரிய நிற்கின்றன.

நனைந்த நாய்க்குக் குளிர மலைகூடத் தேவையில்லை. 2017 நவம்பரில் பினாங்கில் புயல் மழை வந்து வெள்ளம் ஏறியது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் தாமானுக்குப் பின்னால் ஒரு வீட்டில் கட்டிப்போட்டிருந்த பீகிளைப் பக்கத்து வீட்டுப் பையன்கள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ராத்திரி முழுக்க வயிறு வரைக்கும் தண்ணீரில் நின்றிருக்கிறது. சங்கிலி குட்டை, மேலே ஏற முடியவில்லை. அது நடுங்கவே இல்லை. அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது, ஏனென்றால் நடுங்குகிற நாய் இன்னும் போராடுகிறது என்று அர்த்தம், நனைந்து குளிர்ந்த நாய் நடுக்கத்தை நிறுத்திவிட்டால் உடம்பு கைவிட்டுவிட்டது என்று அர்த்தம். ஈறு வெளுத்து, தொட்டால் ஈரக் களிமண் மாதிரி ஜில்லென்று இருந்தது. கிளினிக்கில் தெர்மோமீட்டர் வைத்தபோது 35க்குக் கீழே. துண்டு துண்டாக மாற்றித் துடைத்து, வெதுவெதுப்பான தண்ணீர் பாட்டில்களைத் துணியில் சுற்றி அக்குளிலும் வயிற்றுப் பக்கத்திலும் வைத்து, டாக்டர் சூடாக்கிய சலைன் ஏற்றி, சாயங்காலம் ஆன பிறகுதான் அது மறுபடியும் நடுங்க ஆரம்பித்தது. நடுங்கியதைப் பார்த்து நாங்கள் சந்தோஷப்பட்டோம். வெளியே அன்றைக்கு 24 டிகிரி இருக்கும். பினாங்கில், கடல் மட்டத்தில், 24 டிகிரியில் ஒரு வேட்டை நாய்க்கு உடம்பு அப்படிக் குளிர்ந்துபோனது. அப்படியென்றால் 15 டிகிரியில்?

என் அண்ணன் மகன் தோட்டத்தில் நான் பார்த்ததையும் சொல்கிறேன், ஏனென்றால் அவன் அக்கறை இல்லாதவன் இல்லை. பாயின்டர் கலப்பு நாய் ஒன்று, காட்டுப்பன்றி வேலியை உடைத்தால் குரல் கொடுப்பதற்காக வைத்திருந்தான். அதற்கு மரக்கூண்டு செய்து கொடுத்திருந்தான், உள்ளே படுக்கைகூட இருந்தது. காலையில் நாங்கள் போய்ப் பார்த்தபோது நாய் கூண்டுக்கு இரண்டு அடி தள்ளி மழையில் சுருண்டு கிடந்தது. ராத்திரி பன்றியோ முள்ளம்பன்றியோ வந்திருக்கிறது, நாய் கம்பத்தைச் சுற்றிச் சுற்றி ஓடியிருக்கிறது, சங்கிலி கம்பத்தில் சுற்றிக்கொண்டுவிட்டது. கூண்டு வாசலில் முன்னங்கால் நகத்தால் கீறிய தடம் இருந்தது. மூக்கு மட்டும்தான் எட்டியிருக்கிறது. “அத்தை, கூண்டு இருக்கே, போய்ப் படுத்துக்கும்னு நெனச்சேன்” என்றான் அவன். அந்தத் தோட்டத்தில் வேலை செய்யும் நேப்பாளத் தம்பி ஒருவர்தான் அன்றைக்கே கம்பத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு, இரண்டு மரத்துக்கு நடுவில் உயரமாகக் கம்பி இழுத்து அதில் வளையம் மாட்டி, நாய் அங்கும் இங்கும் ஓடும்படி செய்துகொடுத்தார். கம்பியின் ஒரு கோடி கூண்டு வாசலில் முடிந்தது. மறுநாளே கிரில் போட்டு வேலி அடைத்து அவிழ்த்துவிட்டால் இன்னும் நல்லது என்று நான் சொன்னேன், கொஞ்ச நாளில் அதையும் செய்தான். கட்டிப்போடாமல் வளர்க்க முடிந்தால் கட்டாதீர்கள். கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் சங்கிலி சுற்றிக்கொள்ள அங்கே எதுவும் இருக்கக் கூடாது.

கூண்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இங்கேதான் முக்கால்வாசிப் பேர் காசைச் செலவழித்தும் பலன் இல்லாமல் போகிறது. பெரிய கூண்டு நல்ல கூண்டு என்று நினைக்கிறோம். குளிருக்கு அது தப்பு. நாய் உள்ளே நிற்க வேண்டும், ஒரு சுற்றுத் திரும்ப வேண்டும், சுருண்டு படுக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு மேல் உள்ள இடத்தை எல்லாம் அந்த ஒரு நாயின் உடம்புச் சூடு நிரப்ப முடியாது. தரையிலிருந்து நாலைந்து அங்குலம் தூக்கி வைக்க வேண்டும், செங்கல் போதும். முழுக்கத் தகரத்தில் அடிக்காதீர்கள், இரவில் தகரத்தின் உட்பக்கம் வியர்த்து நாயின் முதுகில் சொட்டும். தகரம் கூரைக்கு மட்டும் இருக்கட்டும், அதற்கு அடியிலும் ஒரு பலகை வேண்டும். கூரை பின்பக்கமாகச் சரிந்து, வாசல் பக்கம் ஒரு அடி நீட்டிக்கொண்டு இருந்தால் தூறல் உள்ளே அடிக்காது. வாசலை நடுவில் வைக்காமல் ஒரு ஓரத்தில் வையுங்கள், அப்போது நாய் இன்னொரு ஓரத்தில் காற்று படாமல் படுக்கும். மலையில் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தோட்டத்து ஆட்களுக்குத் தெரியும், அதற்கு முதுகைக் காட்டி வாசல் இருக்க வேண்டும். பழைய லோரி கான்வாஸ் துண்டை வாசலில் தொங்கவிடலாம். அதற்காகக் காற்றே வராமல் அடைத்துவிடாதீர்கள், நாயின் மூச்சு ஈரமே உள்ளே தங்கி எல்லாவற்றையும் நனைத்துவிடும், கூரைக்குக் கீழே இரண்டு சின்ன ஓட்டை போதும்.

பலகைக்கு என்ன செய்வது என்று கேட்பார்கள். பிறை தொழிற்பேட்டைப் பக்கம் ஃபேக்டரிகளில் சரக்கு அடுக்கி வைக்கும் பழைய பாலேட் பலகை மலிவாகக் கிடைக்கிறது. வாங்கும்போது அதில் உள்ள முத்திரையைப் பாருங்கள். எச்.டி. (HT) என்று இருந்தால் பூச்சி சாகச் சூடு காட்டிய மரம், எடுத்துக்கொள்ளலாம். எம்.பி. (MB) என்று இருந்தால் மெத்தில் புரோமைட் மருந்துப் புகை போட்டது, நாய் கடித்துக்கொண்டு படுக்கிற இடத்துக்கு அது வேண்டாம்.

உள்ளே என்ன போடுவது? பழைய துண்டு, கம்பளி, கோணிச்சாக்கு. எல்லோரும் அன்போடு இதைத்தான் போடுகிறார்கள். நாய் மழையில் நனைந்து வந்து படுத்தால் துணி அந்த ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும், அப்புறம் ராத்திரி முழுக்க ஈரத் துணியில்தான் படுக்கை. வைக்கோல் அப்படி இல்லை. அதன் தண்டு உள்ளே பொள்ளலாக இருக்கிறது, காற்றைப் பிடித்து வைக்கும், ஈரம் கீழே வடிந்துவிடும், நாய் தானே கிளறி நடுவில் குழி செய்து அதற்குள் புதைந்துகொள்ளும். கொஞ்சமாகத் தூவாமல் கூண்டில் பாதி உயரத்துக்கு நிரப்ப வேண்டும். வாரம் ஒரு முறை கையை உள்ளே விட்டுப் பாருங்கள், ஈரமோ பூஞ்சை வாடையோ இருந்தால் முழுவதையும் மாற்றுங்கள்.

சாப்பாடும் தண்ணீரும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெளியே படுக்கிற நாய்க்குக் குளிர் மாதங்களில் கூடுதல் சாப்பாடு வேண்டும், அதிலும் கொழுப்பும் புரதமும். வெறும் சோறும் குழம்பும் பத்தாது. கோழித் தோல், முட்டை, கொஞ்சம் ஈரல் சேர்த்து, பெரிய சாப்பாட்டைச் சாயங்காலம் வையுங்கள். வேக வைத்த கோழி எலும்பு மட்டும் கூடவே கூடாது, சில்லுச் சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும். குளிரில் நாய் தண்ணீர் குடிக்காது என்று சொல்லிச் சட்டியைக் காயப் போடாதீர்கள். மழைக்காலத்தில் எலி மூத்திரம் கலந்த தண்ணீரால் லெப்டோ காய்ச்சல் நாய்க்கும் வரும், அதைத் தொடுகிற நமக்கும் வரும், தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள்.

குட்டி, கிழட்டு நாய், குட்டி போட்ட நாய், நோயில் இருந்து எழுந்த நாய் இவற்றை மழைக் குளிரில் வெளியே வைக்கவே கூடாது, எந்த இனமாக இருந்தாலும் சரி. பிறந்து சில வாரம் வரைக்கும் குட்டிக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காக்கத் தெரியாது. பெரிய நாயிடமும் சில அறிகுறி பார்த்துக்கொள்ளுங்கள்: ஒரு காலை மாற்றி மாற்றித் தூக்குவது, முதுகைக் கூனிக்கொண்டு நிற்பது, கூப்பிட்டால் மெதுவாகத் திரும்புவது, நடக்கும்போது தடுமாறுவது. கடைசி இரண்டும் வந்துவிட்டால் யோசிக்காமல் உள்ளே தூக்கி வந்து துடைத்துக் காயவைத்து, கதகதப்பான பாட்டிலைத் துணியில் சுற்றி வயிற்றோடு வைத்து, டாக்டருக்கு ஃபோன் பண்ணுங்கள். கொதிக்கிற தண்ணீரையோ ஹேர்டிரையரையோ பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள், மரத்துப்போன தோல் வெந்தாலும் நாய்க்குத் தெரியாது.

வெளிநாட்டைப் பார்த்துத்தான் கற்க வேண்டும் என்றும் இல்லை. கேமரன் மலைப் பக்கம் ஓடும் தெலோம் ஆற்றுப் பகுதியில் பூர்வகுடி மக்கள் வைத்திருந்த வேட்டை நாய் ஒன்று உண்டு, அந்த ஆற்றின் பெயரிலேயே தெலோமியன் என்று உலகத்துக்குத் தெரிந்தது. 1963இல் ஓர்வில் எலியட் என்ற அமெரிக்க மானிடவியலாளர் அதில் ஒரு ஜோடியை அமெரிக்காவுக்குக் கொண்டுபோன பிறகுதான் வெளியே பேச்சு வந்தது. அந்த மக்களின் வீடு தரையில் இல்லை, உயரமான கால்களின் மேல் நிற்கும். நாய் ஏணியில் ஏறி வீட்டுக்குள் போகும், அதற்கென்றே அதன் முன்னங்கால்கள் அவ்வளவு லாவகமாக வேலை செய்யும். பகலில் காட்டில் வேட்டை, ராத்திரி மேலே, மனிதர்களோடு. இந்த நாட்டு மலையில், இந்த மழையில், தலைமுறை தலைமுறையாக வேட்டை நாய் வைத்திருந்தவர்கள் செய்தது இதுதான், அதனால் அந்த நாயின் மூக்கு ஒன்றும் மழுங்கிப்போகவில்லை.

தோட்டத்தில் என் அப்பாவின் நாய்களும் அப்படித்தான். மழை பெய்தால் லயத்து வீட்டின் பின்கட்டில், விறகடுப்புக்குப் பக்கத்தில் சாம்பலில் படுத்துக் கிடக்கும். காலையில் அம்மா அடுப்பு பற்ற வைக்க வந்து “எந்திரி, எந்திரி” என்று காலால் தள்ளுவார், சாம்பலை உதறிக்கொண்டு எழுந்து போகும். அப்பா அதைத் திட்டியதே இல்லை. அன்றைக்கு மோப்பம் பிடிக்க வேண்டியது அதுதானே, ராத்திரி நன்றாகத் தூங்கட்டும் என்பார்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், நம் ஆட்களில் பல பேருக்கு இது தெரியாது. மலேசியாவின் பிராணிகள் நலச் சட்டம் 2015 என்பது 2017 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. நாய்க்குப் பொருத்தமான இடம், பொருத்தமான உணவு, வலியிலிருந்தும் நோயிலிருந்தும் பாதுகாப்பு இதெல்லாம் கொடுப்பது உரிமையாளரின் கடமை என்று அதில் இருக்கிறது, உரிமையாளரின் தயவு என்று இல்லை. கொடுமை செய்தது நிரூபணமானால் 20,000 ரிங்கிட்டிலிருந்து 100,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது மூன்று வருஷம் வரை சிறை, அல்லது இரண்டும். அமெரிக்காவில் நாய் வளர்த்து விற்கும் பண்ணைகளுக்கும் ஆய்வுக்கூடங்களுக்கும் கூட்டரசு விதி இருக்கிறது: வெளிக்கூண்டில் குளிர் 10 டிகிரிக்குக் கீழே போனால் காய்ந்த படுக்கை கட்டாயம், 1.7 டிகிரிக்குக் கீழே போனால் இன்னும் அதிகம் போட வேண்டும், குட்டை முடி நாயையோ குளிருக்குப் பழகாத நாயையோ பிராணி மருத்துவர் ஒப்புதல் இல்லாமல் அந்தக் குளிரில் வெளியே வைக்கக் கூடாது. பென்சில்வேனியா மாநிலத்தில் 2017இலிருந்து, உறைநிலைக்குக் கீழே போனால் நாயை அரை மணி நேரத்துக்கு மேல் வெளியே கட்டிப்போடுவது குற்றம். பனிக்கட்டியோடு வாழ்கிறவர்களே இவ்வளவு யோசித்துச் சட்டம் போட்டிருக்கும்போது, அவர்களைக் காட்டி நாம் நம் நாயைச் சும்மா கட்டிப்போட முடியாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள், இதை நீங்கள் பிரசுரித்தால் நாலு பேருக்காவது போய்ச் சேரும். கெப்பாலா பத்தாஸ், பெர்மாத்தாங் பாவ் பக்கம் நெல் அறுவடை முடிந்ததும் வைக்கோலை வயலிலேயே போட்டுக் கொளுத்துகிறார்கள், புகை பட்டர்வொர்த் வரைக்கும் வருகிறது. மலையிலோ நாய்க்குப் போட ஒரு பிடி வைக்கோல் இல்லை. கம்போங் ராஜாவிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு பினாங்கு சந்தைக்கு இறங்கும் லோரிகள் திரும்பிப் போகும்போது பாதி காலியாகத்தான் சிம்பாங் பூலாய் வழியாக ஏறுகின்றன. வயல்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்து, காய்ந்த கட்டாக வாங்கி, தார்ப்பாய் போட்டு மூடி அனுப்பினால் ஒரு தோட்டத்து நாய்களுக்கு மழைக்காலம் முழுக்கக் காணும். என் அண்ணன் மகன் லோரியில் இந்த முறை அனுப்பப் பேசிவிட்டோம். அந்த அன்பரின் தோட்டம் எந்தப் பக்கம் என்று உங்கள் மூலமாகத் தெரியப்படுத்தினால் அவர் நாய்க்கும் சேர்த்து ஏற்றி அனுப்புகிறேன், காசு ஒன்றும் வேண்டாம். பிறையில் பாலேட் பலகை வாங்கித் தர ஆள் வேண்டும் என்றாலும் சொல்லட்டும். அக்டோபர் மழை தொடங்குவதற்குள் சொன்னால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
புக்கிட் மெர்தாஜாம், பினாங்கு.